கூடுதுறை ஹோஸ்டிங், ஈரோடு

பிப்ரவரி 6, திங்கள்

காலை பத்தேகாலுக்கு சர்வர் என் கைக்கு வந்தது. கைக்கு என்பது பேச்சுக்குத்தான். அது பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் குளிரூட்டிய கூடத்தில் இருக்கிறது. நான் பெரியார் நகர் வீட்டின் மாடி அறையிலிருந்து அதை இயக்குகிறேன்.

இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு அதைப் போட்டுவைக்க ஓர் இடம் வேண்டும். பெங்களூர்க்காரனிடம் இடத்தை மொத்தமாக எடுத்து ஈரோட்டுக்காரர்களுக்குச் சில்லறையாகக் கொடுப்பதுதான் என் தொழில். பெயர் ‘கூடுதுறை ஹோஸ்டிங்’. முதலாளி, தொழிலாளி, வாயிற்காவலன் எல்லாம் ம. அர்த்தநாரி, வயது நாற்பத்தொன்பது.

பத்தொன்பது வருடம் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையத்தை ஓட்டினேன். மையத்துக்குத் தலைவர் என்று ஒரு பதவியை உண்டாக்கியபோது அதைத் தாமோதரனுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்து மேசைக்காரன். எம்.டெக்.கில் இரண்டாம் வகுப்பு. தாளாளரின் பேரனுக்கு வீடு தேடிப்போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுத்தவன். அவனுக்குக் கீழே எட்டு மாதம் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

இன்று வாழ்த்துச் சொன்னவர்கள் நான்கு பேர். சொல்லாதவர்களை எழுத இந்தப் பக்கம் போதாது.

பிப்ரவரி 21

முதல் வாடிக்கையாளர் மஞ்சள் மண்டி குழந்தைசாமி. தளத்தை ஏற்றிக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங் சார், நம்ம வெப்சைட்டு இப்ப எங்கீங் இருக்குது?”

“பெங்களூர்லீங்க.”

“அப்பறம் உங்ககிட்ட எதுக்குங் குடுக்கோணும்? நேரா அவங்ககிட்டயே குடுத்துடலாமில்லீங்?”

“அவங்க போன எடுக்க மாட்டாங்க. நான் எடுப்பேன்.”

“அதுஞ் செரிதானுங்” என்று சிரித்தார். “நம்ம மண்டியும் அப்புடித்தானுங் ஓடுது.”

இந்த ஊரில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஆள்.

மார்ச் 4

கோபியிலிருந்து திலகவதி டீச்சர் பஸ் பிடித்து வந்தார். காது கேளாத குழந்தைகளுக்கு முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கூடவே தம்பி ரங்கநாதன். ஐம்பத்திரண்டு வயதிருக்கும், தையல்காரர், பிறந்ததிலிருந்து காது கேட்காது.

டீச்சர் சொன்னார்: “புஸ்தகத்துல இருக்கற சைகையெல்லாம் வெளியூர்க்காரங்க போட்டதுங்க. எங்க பக்கத்துல காது கேக்காதவங்க அவங்களாவே ஒண்ணு வெச்சிருக்கறாங்க, நாப்பது அம்பது வருஷமா. தறிக்குப் பாவு ஓட்டறது, மஞ்சள் வேக வெக்கறது, வாய்க்கால்ல தண்ணி உடறது, அதெல்லாம் புஸ்தகத்துல இல்லீங்க. எல்லாம் தெரிஞ்சவன் இவனொருத்தன்தான். ஒரு வார்த்தைக்கு ஒரு வீடியோ எடுக்கறேன். நாலு நாலு செகண்டு.”

இதுவரை நானூறு வார்த்தைகள் ஆகியிருக்கின்றன. இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு தளத்தில் வைத்திருந்தாராம். அது விளம்பரமாகக் காட்டுகிறது என்று என்னிடம் வந்திருக்கிறார்.

பேசிக்கொண்டிருந்தபோது ரங்கநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலால் புருவங்களுக்கு நடுவே தோலைப் பிடித்துக் கிள்ளிக் காட்டினார்.

“என்னங்க சொல்றாரு?”

டீச்சர் தயங்கினார். “அது உங்க பேருங்க. பழகறவங்களுக்கெல்லாம் ஒரு சைகைப் பேரு வெப்பான். அவங்க வழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க.”

முகத்தைச் சுளிப்பவன் என்று அர்த்தம். பார்த்த பத்தாவது நிமிடத்தில். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 5

டீச்சர் வேலை செய்யும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. போனில் எடுக்கிறார், தளத்தில் ஏற்றுகிறார், உடனே போனில் அழித்துவிடுகிறார். கேட்டால், “போன்ல எடமில்லீங்க. அதான் உங்ககிட்ட இருக்குதில்லீங்க?” என்கிறார்.

தினமும் ஒரு பிரதி எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எடுக்கவும் செய்கிறேன். பெங்களூரிலேயே இரண்டாவதாக ஒரு சர்வரில் தினசரிப் பிரதி. ஞாயிறுதோறும் என் மேசையில் இருக்கும் ஹார்டு டிஸ்க் வட்டில் இன்னொன்று. கல்லூரியில் இந்த ஒழுங்கை யாரும் மதித்ததில்லை.

மார்ச் 28

மதியம் வந்த ஒரு மின்னஞ்சலால் சாப்பாடு இறங்கவில்லை.

தாமோதரன் கல்லூரியை விட்டுவிட்டான். இப்போது பெங்களூரில் இருக்கிறான். எந்த நிறுவனத்தில் என்றால், நான் சர்வர் எடுத்திருக்கும் அதே நிறுவனத்தில். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பொறுப்பாளராம். பட்டியலில் என் பெயரைப் பார்த்து மகிழ்ந்தானாம். ‘இனி உங்கள் கணக்கை நானே பார்த்துக்கொள்வேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறான்.

அவன் பார்த்துக்கொள்வானாம்.

பூங்கொடியிடம் சொன்னேன். என் மனைவி கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறாள். யாரைப் பற்றியும் நல்லதாக நினைக்கும் நோய் அவளுக்கு உண்டு. “தெரிஞ்ச ஆளு இருக்கறது நல்லதுதானுங்களே” என்றாள்.

அவன் போன் எண்ணைப் போன வருடமே தடுத்துவைத்துவிட்டேன். இன்று அஞ்சல் சர்வரில் இரண்டு வரியில் ஒரு விதி எழுதினேன். தாமோதரன் என்ற பெயர் எந்த அஞ்சலில் இருந்தாலும் என் கண்ணில் படாமலே அழிந்துவிடும். சுத்தமான வேலை. மூன்று முறை சோதித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 16

டீச்சரின் தளம் தொள்ளாயிரம் வார்த்தைகளைத் தாண்டிவிட்டது. மேசை வட்டு நிரம்பிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைப் பிரதியிலிருந்து வீடியோக்களை மட்டும் விலக்கிவைத்தேன். பெரிய வட்டு வாங்கியதும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூர்ப் பிரதி இருக்கிறது.

மே 11

ரங்கநாதன் நேற்றுக் காலை இறந்துவிட்டார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபடியே. மாரடைப்பு.

போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். சாவு வீட்டில் பாதிக்கூட்டம் சத்தமில்லாத கூட்டம். நாற்பது பேர் கையால் அழுதுகொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைக் கண்டதும் இரண்டு பேர் புருவத்தைக் கிள்ளிக்காட்டி வழிவிட்டார்கள். எல்லோருக்கும் பரப்பிவிட்டிருக்கிறார்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆயிரத்து நூத்தி நாப்பது வார்த்தைங்க. போன வாரந்தான் முடிச்சோம். அவன் கை பூராவும் உங்ககிட்டத்தான் இருக்குதுங்க, சார்.”

ஜூலை இருபதாம் தேதி கோபியில் பெற்றோர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தப்போகிறாராம். காது கேளாத பிள்ளையோடு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத அப்பா அம்மாக்களுக்கு. அந்த வீடியோக்களை வைத்துத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

மே 30

மழை. இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அஞ்சல் ஏதும் வரவில்லை.

ஜூன் 12

பதினொரு வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டார்கள். பெங்களூர்க்காரர்களிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. தொழில் செய்தால் இப்படிப்பட்ட நிறுவனத்தோடு செய்ய வேண்டும்.

ஜூன் 25

ஞாயிற்றுக்கிழமைப் பிரதி எடுத்தாயிற்று. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பெரிய வட்டு பற்றி விசாரித்தேன். கடைக்காரன் பழைய மாணவன், என்னை அடையாளம் தெரியாதது போல நடந்துகொண்டான். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 1, சனி

காலை ஒன்பது மணிக்கு சர்வர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது சர்வரும் அப்படியே. ஒன்பதரைக்குக் குழந்தைசாமி கூப்பிட்டார்.

“சார், நம்ம கடை சாத்தியிருக்குதுங்களே.”

“பாத்துட்டு இருக்கறேனுங்க.”

நிறுவனத்தின் புகார்ப் பக்கத்தில் எழுதினேன். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. நான் வாடகைக்கு எடுத்த இயந்திரங்கள் இருந்த பழைய கூடத்தை ஜூன் 30 அன்று மூடிவிட்டார்களாம். வாடிக்கையாளர்கள் சம்மதம் தெரிவித்தால் புதுக் கூடத்துக்கு மாற்றுவதாக மூன்று முறை அறிவித்தார்களாம். சம்மதம் வராத இயந்திரங்களைக் கழற்றிவிட்டார்களாம். அவற்றின் வட்டுகளை ஜூலை 10 வரை வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்களாம். விதிவிலக்கு வேண்டுமென்றால் என் கணக்கின் பொறுப்பாளரிடம் பேச வேண்டும். கீழே பொறுப்பாளரின் பெயரும் எண்ணும்.

யாருக்கு அறிவித்தார்கள்? எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. இதுதான் இவர்கள் தொழில் நடத்தும் லட்சணம்.

ஜூலை 3

வேறொரு நிறுவனத்தில் புது சர்வர் எடுத்து, மேசை வட்டிலிருந்து பத்துத் தளங்களை ஏற்றிவிட்டேன். முப்பது மணி நேர வேலை. குழந்தைசாமி, “கடை தொறந்துட்டீங், பெரிய ஆளுங் நீங்க” என்றார்.

பதினொன்றாவது தளத்தில் எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. ‘அகப்பை’யில் தொடங்கி அகரவரிசையில் ஆயிரத்து நூற்று நாற்பது வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அழுத்தினால் ஒன்றும் ஓடாது.

டீச்சரிடம் ‘சிறு பராமரிப்புப் பணி’ என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 4

மேசை வட்டில் அஞ்சல் சர்வரின் பதிவேட்டுப் பிரதியும் உண்டு. எடுத்துப் பார்த்தேன். வந்த நிமிடமே அழிந்த அஞ்சல்கள்: மே 30, மாலை 4.12. ஜூன் 12, காலை 11.03. மூன்றாவது ஜூன் 26 என்கிறார்கள். என் கடைசிப் பிரதி அதற்கு முந்தின நாளோடு நிற்கிறது, அதைப் பார்க்க வழியில்லை.

வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தையெல்லாம் பொறுப்பாளர் பெயரில்தான் அனுப்புவது என்று ஒரு நிறுவனம் வழக்கம் வைத்துக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது. இதைப்பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 5

புகார்ப் பக்கத்தில் விரிவாக எழுதினேன். பதில்: ‘உங்கள் பொறுப்பாளரைத் தொடர்புகொள்ளவும்.’

ஜூலை 6

நிறுவனத்தின் பொது எண்ணில் ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். ஒரு பெண் எடுத்தாள். கணக்கு எண்ணைக் கேட்டு, “உங்களுக்குத் தமிழ்ல பேசற மேனேஜரே இருக்காரு சார், கனெக்ட் பண்ணட்டுமா?” என்றாள்.

வேண்டாம் என்றேன்.

ஜூலை 8

தலைமை நிர்வாகிக்கு எழுதினேன். நான்கு பக்கம், சட்டப் பிரிவுகளோடு. நல்ல கடிதம். தானியங்கிப் பதில் வந்தது.

டீச்சர் கூப்பிட்டார். “பராமரிப்பு முடிஞ்சுதுங்களா சார்? வகுப்புக்கு இருபத்தி மூணு பேரு பேரு குடுத்திருக்கறாங்க. அந்தியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க.”

“இன்னும் ரெண்டு நாளுங்க.”

“மெதுவாப் பண்ணுங்க. நீங்க இருக்கறீங்கங்கற தைரியந்தான்.”

ஜூலை 10

மாலை ஆறு மணி ஆகிவிட்டது. கெடு முடிந்தது. இனி யாரிடமும் பேசுவதில் பயனில்லை. அந்தவகையில் ஒரு நிம்மதி.

ஜூலை 13

பூங்கொடி காலையில் வங்கிக்குக் கிளம்பியவள், மாடியேறி வந்து என் எதிரே நின்றாள். மூன்று நாளாக நான் சாப்பிடாததைக் கவனித்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டாள். அஞ்சலை அழிக்கும் விதியைப் பற்றி நான் சொல்லவில்லை. மார்ச்சிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தேனாம். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

“அவருக்குப் போன் பண்ணுங்க.”

“தேதி முடிஞ்சு போச்சு.”

“இருந்தாலும் பண்ணுங்க.”

“என்னோட பதவியத் தட்டிப் பறிச்சவன்கிட்ட நான் கெஞ்சோணுமா?”

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். “அந்தப் பதவிக்கு அவரு அப்ளிகேசன் போட்டாருங்க. நீங்க போடலை. நோட்டீஸ் போர்டுல ஒரு மாசம் தொங்குச்சு. நானே ரெண்டு தடவை சொன்னேன். ‘பத்தொம்போது வருசம் ஓட்டுனவன அவங்களாக் கூப்பிட்டுக் குடுக்கட்டும்’னீங்க. இன்னும் யாரு வந்து கூப்பிடோணும்னு உக்காந்திருக்கறீங்க?”

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் போன பிறகு, பத்தரைக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அர்த்தநாரி? நெசமா நீங்கதானுங்களா?”

“ஆமா.”

“எத்தனை தடவைங்க கூப்பிடறது? போனே போகலை. நம்பர மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். காலேஜ்ல கேட்டேன், அவங்களும் இதே நம்பரத்தான் குடுத்தாங்க. மெயிலுக்கும் பதிலில்லை. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்.”

“வட்டு ரெண்டும்” என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“பத்தாந்தேதி ஒப்படைச்சிருக்கோணுங்க. நான் குடுக்கலை. ரெண்டையும் எடுத்து என் மேசை டிராயர்ல வெச்சிருந்தேன், நீங்க எப்பிடியும் கூப்பிடுவீங்கன்னு. பதினொண்ணு பாத்தேன். நேத்தும் பாத்தேன். நேத்து சாயங்காலம் ஆடிட்காரங்க வந்து எண்ணிக்கை பாத்துட்டு ரெண்டு கொறையுதுன்னுட்டாங்க. குடுத்துட்டேங்க.”

“குடுத்துட்டேன்னா?”

“மிசின்ல போட்டு நொறுக்கிடுவாங்க. அங்கயே, நம்ம கண்ணு முன்னாடி. அதுதான் விதி.” பிறகு, “உள்ள முக்கியமா ஏதாச்சும் இருந்துதுங்களா?” என்று கேட்டான்.

வாடிக்கையாளர் ஒருவருடைய கோப்புகள் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். நான் நன்றி சொல்லவில்லை என்பது போனை வைத்தபிறகு தோன்றியது.

நேற்று மாலை ஐந்து மணிக்கு நான் மாடியில் கொடியில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, சனி

கோபிக்குப் போனேன். டீச்சர் தனியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வகுப்புக்கான ஏற்பாடு பேசுவதற்காகப் பதின்மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். காது கேளாதவர்கள் ஒன்பது பேர், மற்றவர்கள் பெற்றோர்.

பெங்களூர் நிறுவனம் வட்டுகளை அழித்துவிட்டது, வீடியோக்கள் போய்விட்டன என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. டீச்சர் நான் சொல்லச்சொல்லக் கையால் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி வாக்கியத்துக்கு அவர் கை பாதி வரைக்கும்தான் போனது. மீதியை அவர்களே புரிந்துகொண்டார்கள்.

லாரிக்கு பாடி கட்டும் ஒருவர் எழுந்து வேகவேகமாகக் கையை வீசினார்.

“சொல்லாம கொள்ளாம எப்பிடி அழிக்கலாம்னு கேக்கறாருங்க” என்றார் டீச்சர். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அறிவிப்புக் குடுத்ததாச் சொல்றாங்க.”

“யாருக்குங்க?”

நான் தண்ணீர் கேட்டேன்.

அதற்குள் அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஈரோடு கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். எல்லோரும் போய் மனு கொடுப்பது. நியாயவிலைக் கடை முதல் பஸ் பாஸ் வரைக்கும் அவர்களுக்கு அது பழகிய வழி. பெற்றோரில் ஒருவர், காது கேளாத ஒரு பெண்பிள்ளையின் அப்பா, சொன்னார்: “ஆள் பேரு போடோணுங்க. பேரில்லாத மனுவ மேல அனுப்பி, கீழ அனுப்பி, ஒண்ணுமில்லாமப் பண்ணிருவாங்க. அங்க யாருங் பொறுப்பு?”

“தாமோதரன்” என்றேன்.

டீச்சர் எழுத்து எழுத்தாக விரலில் காட்டினார். தையல் கடையில் ரங்கநாதனோடு வேலை செய்த பெண் ஒருத்தி உடனே அவனுக்கு ஒரு பெயர் வைத்தாள்: ஒரு முஷ்டியை இன்னொரு முஷ்டிமேல் வைத்து, கோழிக்கழுத்தைத் திருகுவதுபோல ஒரு திருகு. எல்லோரும் திருப்பிச் செய்துபார்த்தார்கள். ஒரே நிமிடத்தில் ஒன்பது பேருடைய கையிலும் அவன் இருந்தான். கெடு முடிந்தபிறகும் என் வட்டுகளை இரண்டு நாள் டிராயரில் ஒளித்துவைத்திருந்தவன்.

“படிச்சவரு எழுதுனா நல்லா இருக்குமுங்க” என்று டீச்சர் முழு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். ரங்கநாதன் யார், வார்த்தைகள் எத்தனை, எத்தனை வருட வேலை. இதெல்லாம் சுலபமாக வந்தது. பிறகு எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

‘மேற்படி நிறுவனம் மூன்று அறிவிப்புகளையும் முறையாக அனுப்பியுள்ளது. அவற்றைப் பெற வேண்டியவர் சொந்தப் பகையின் காரணமாக அவை தமக்கு வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருந்தார். வாக்களித்தபடி வீடியோக்களுக்கு வீட்டில் பிரதி எடுப்பதையும் நிறுத்தியிருந்தார். விவரம் தெரிந்த பின்னும் பன்னிரண்டு நாள் உரியவரிடம் பேசவில்லை. இழப்புக்கு முழுப் பொறுப்பு: ம. அர்த்தநாரி, கூடுதுறை ஹோஸ்டிங், பெரியார் நகர், ஈரோடு.’

தாளைக் கொடுத்தேன். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையில் தாளைப் பிடித்துப் படித்தபடியே மறுகையால் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘பெற வேண்டியவர்’ என்ற இடத்தில் கை வேகம் குறைந்தது. பிறகு நின்றது. வாய் மூடியபடி கடைசி வரை படித்தார்.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் என்ன என்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டார்.

டீச்சர் தாளை நான்காக மடித்தார். என்னைப் பார்க்காமல், “நாலரை பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. கெளம்புங்க” என்றார்.

ஜூலை 16

எங்கும் போகவில்லை.

ஜூலை 17, திங்கள்

காலையிலிருந்து வாசல் பக்கமே கவனமாக இருந்தது. பூங்கொடி வங்கிக்குப் போகும் வழியில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே யாரையாவது பார்த்தாளா என்று கேட்க நினைத்து, போன் செய்யவில்லை.

பிற்பகல் மூன்றேமுக்காலுக்கு டீச்சரிடமிருந்து வாட்ஸப்பில் இரண்டு படங்கள் வந்தன. வேறு வார்த்தை ஒன்றும் இல்லை. என் கையெழுத்தில் இருக்கும் மனு, இரண்டு பக்கமும். மேல் மூலையில் அலுவலக முத்திரையும் பதிவு எண்ணும். பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்தேன். ஒரு எழுத்தும் அடிக்கவில்லை, மாற்றவில்லை. அடியில் பதினான்கு பேர் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். முதல் கையொப்பம் அவருடையது.

அதை அவர் கிழித்துப் போட்டுவிடுவார் என்று சனிக்கிழமையிலிருந்து நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.